செட்டில்மென்டா, உயிலா? வயதான அம்மாவின் வீட்டை எப்படி எழுதுவது

முதியோர்உதவி_செல்வி:
78 வயது அம்மா, கணவர் இல்லை. மதுரையில் அவர் பெயரில் வீடு, வழிகாட்டி மதிப்பு சுமார் 60 லட்சம். வங்கி டெபாசிட் 14 லட்சம். மகன் கூடவே இருக்கிறார், மகள் கோவையில். வீட்டை இப்போதே எழுதித் தரச் சொல்கிறார் மகன். அம்மாவுக்கோ பாதி மகளுக்கும் போக வேண்டும். இப்படி வருபவர்களுக்கு எதைச் சொல்வது? காரணத்தோடு சொல்லுங்கள்.

பத்திரக்காரர்:
இருக்கும்போதே தான செட்டில்மென்ட், அதாவது விலை வாங்காமல் வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றும் பத்திரம், ஆளுக்குப் பாதி. பிள்ளைகளுக்கு எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. பத்திரம் வில்லங்கத்தில் ஏறும், பட்டாவும் மாறும், நாளை யாரும் மறுக்க முடியாது. உயில் சார்பதிவு அலுவலகத்தில் தனியாக வைக்கப்படும் மூன்றாம் புத்தகத்தில் பதிவாகும் ஆவணம், வில்லங்கச் சான்றில் வராது. அம்மா காலமான பிறகு ஒருவர் உயிலை நீட்டுவார், மற்றவர் அது பொய் என்பார். சாட்சிகளைத் தேடி அலைய வேண்டும்.

மாவட்டநீதிமன்ற_வக்கீல்:
இதை ஏற்க முடியாது. செட்டில்மென்ட் எழுதிப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டால் வீடு அன்றே கைமாறிவிடுகிறது. அம்மா தனியாகப் போய் ரத்துப் பத்திரம் பதிய முடியாது. அவசரச் சிகிச்சைக்கு விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது. வீட்டை ஈடாக வைத்து வங்கியிடம் மாதாமாதம் பணம் பெறும், 60 வயதுக்கு மேற்பட்டோருக்கான ரிவர்ஸ் மார்ட்கேஜும் வீடு சொந்தப் பெயரில் இருந்தால்தான் கிடைக்கும். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். 78 வயதில் அவர் கையில் இருக்கும் ஒரே பிடி அந்த வீடு. அதை ஏன் விடச் சொல்கிறீர்கள்?

பத்திரக்காரர்:
பிடியை விடச் சொல்லவில்லை. ஆயுட்கால அனுபவ உரிமையை அம்மாவுக்கே வைத்து எழுதலாம். குடியிருக்கும் உரிமையும் வாடகை வருமானமும் அவருக்கே. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23 இருக்கிறது. பராமரிக்காவிட்டால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தீர்ப்பாயத்தில் மனு போட்டுப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கச் செய்யலாம்.

மாவட்டநீதிமன்ற_வக்கீல்:
அந்தப் பிரிவைச் சொல்லித்தான் பலரைக் கையெழுத்துப் போட வைக்கிறார்கள். பிரிவின் வாசகத்தைப் பாருங்கள்: அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படி ஒரு நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் முதியவர் பக்கம் தாராளமாகப் பொருள்கொண்டது. அந்த மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பினால் எழுதிக் கொடுத்தாலே நிபந்தனை உள்ளடங்கியது என்றது. தீர்ப்புகள் இப்படி முன்னும் பின்னும் இருக்கும்போது "அன்பினாலும் பாசத்தினாலும்" என்ற அச்சு வாசகத்தை நம்பி வீட்டைக் கொடுக்கலாமா? நடுவில் மகன் வேறு ஒருவருக்கு விற்றுவிட்டால் வாங்கியவரோடும் வழக்காட வேண்டும்.

பத்திரக்காரர்:
அச்சு வாசகம் போதாது, ஒப்புக்கொள்கிறேன். நிபந்தனையை வெளிப்படையாக எழுத வேண்டும்: உணவு, மருத்துவச் செலவு, குடியிருப்பு, மாதம் இவ்வளவு ரூபாய், தவறினால் பிரிவு 23-இன் கீழ் ரத்தாகும், அம்மா உள்ளவரை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. பிள்ளைகளும் அதில் கையெழுத்திட வேண்டும். ஆனால் உயிலைப் பற்றி நீங்கள் பாதிதான் சொல்கிறீர்கள். உயில் எழுதுவது எளிது, நிரூபிப்பதுதான் கடினம். பலன் பெறும் மகனே வக்கீலைப் பார்த்து, சாட்சியைக் கூட்டி வந்து, மருத்துவமனைப் படுக்கையில் கையெழுத்து வாங்கினால் அந்த உயில் சந்தேகத்துக்குள்ளாகும். மகளை ஏன் விட்டோம் என்று ஒரு வரியும் இல்லாவிட்டால் இன்னும் மோசம்.

வங்கி_ஓய்வு:
வீட்டுக்காக இவ்வளவு பேசுகிறீர்கள், அந்த 14 லட்சத்தை இருவரும் தொடவில்லை. நாமினிதான் சொந்தக்காரர் என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. நாமினி பணத்தை வாங்கி வைக்கும் ஆள் மட்டுமே, வாரிசுகளுக்குப் பங்கு தர வேண்டியவர். மகனை "ஐதர் ஆர் சர்வைவர்" (இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர் பணம் எடுக்கலாம்) கூட்டுக் கணக்கில் சேர்த்தால் அம்மாவுக்குப் பிறகு வங்கி அவரிடம் கொடுத்துவிட்டுத் தன் பொறுப்பை முடித்துக்கொள்ளும். மகள் அண்ணனிடம்தான் கேட்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், சதவீதமும் குறிக்கலாம். மகனுக்கு 50, மகளுக்கு 50 என்று முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று, மகனுக்குப் பவர் (அம்மா சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) கொடுத்தால் போதும் என்று யாரும் சொல்லாதீர்கள். அம்மா காலமானால் பவர் முடிந்துவிடும். மனநிலை தவறினாலும் முடிந்துவிடும், அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது உதவாது. கை நடுங்கிக் கையெழுத்து மாறினால் கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்க வேண்டும்.

முதியோர்உதவி_செல்வி:
நன்றி சார். உயில் என்று முடிவானால் எதில் தவறு நடக்கும்?

மாவட்டநீதிமன்ற_வக்கீல்:
சாட்சியில்தான், மேடம். குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அம்மா கையெழுத்திடுவதை ஒவ்வொருவரும் நேரில் பார்த்து, அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பின்னால் நீதிமன்றத்தில் ஒரு சாட்சியையாவது விசாரித்தாக வேண்டும் என்பதால், அம்மாவின் வயதொத்தவர்களைப் போடாதீர்கள். நாற்பது வயதுக்காரர்கள், ஊரில் நிலையாக இருப்பவர்கள், உயிலில் எதுவும் பெறாதவர்கள் நல்லது. குடும்ப மருத்துவர் அன்றைய தேதியில் மனத்தெளிவுச் சான்று தரட்டும். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதியுங்கள். நடக்க முடியாவிட்டால் விண்ணப்பித்துச் சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைக்கலாம்.

பத்திரக்காரர்:
சாட்சி விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் மகனும் மகளும் இப்போதே பேசிக்கொள்ளாத குடும்பமாக இருந்தால், நிபந்தனையோடு எழுதிய செட்டில்மென்ட்தான் என் பரிந்துரை. உயிலை அங்கே விட்டுவைத்தால் வழக்கு நிச்சயம்.

மாவட்டநீதிமன்ற_வக்கீல்:
பேசிக்கொள்ளாத குடும்பத்தில்தான் அம்மாவுக்கு வீடு அதிகம் தேவைப்படும். செல்வி மேடம், எதை எழுதுவதற்கு முன்பும் மகன் இல்லாத அறையில், முடிந்தால் இரண்டு தனி நாட்களில், அம்மாவிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: யாருக்கு என்ன கொடுக்க விரும்புகிறீர்கள்? இரண்டு நாளும் ஒரே பதில் வந்தால் மட்டும் பத்திரத்தைத் தொடுங்கள்.