வைகாசியில் இலங்கைக் கடற்கரையில் தங்கை கல்யாணம்: எந்தக் கரை, எங்கே பதிவு?

பாலா, கோவை

வணக்கம். வரும் வைகாசியில் என் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை டொராண்டோவில் வேலை பார்க்கிறார். இந்தியக் குடிமகன்தான், அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை (பி.ஆர்.) வாங்கியிருக்கிறார். இரண்டு பேருக்கும் கடற்கரையில் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. பக்கத்து நாடு, நம் சாப்பாடு கிடைக்கும், பெரியவர்கள் தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம் என்பதால் இலங்கை என்று முடிவு செய்தோம். பெந்தோட்டையில் ஒரு ரிசார்ட்டில் நல்ல விலை சொல்கிறார்கள், இந்த வாரமே முன்பணம் கேட்கிறார்கள்.

இரண்டு வீட்டிலும் சேர்த்து 80 பேர் வருவோம். பாட்டிக்கு 78 வயது, முழங்கால் வலி. இருந்தாலும் பேத்தி கல்யாணத்துக்கு வந்தே தீருவேன் என்கிறார்.

சட்டப்படி பதிவை எங்கே செய்வது? கல்யாணம் முடிந்த கையோடு தங்கைக்குக் கனடா ஸ்பான்சர் மனு போட வேண்டும். நகையை எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவரும்போது விமான நிலையத்தில் வரி கேட்பார்களா? மேளம், பூ, பூஜைச் சாமான் எல்லாவற்றையும் இங்கிருந்தே சுமக்க வேண்டுமா? அப்பா இல்லை, எல்லாவற்றையும் நான்தான் பார்க்கிறேன். அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

சுமதி, மதுரை

பாலா தம்பி, இந்த வாரம் முன்பணம் கட்ட வேண்டாம். வைகாசியில் பெந்தோட்டை சரிப்படாது.

நீர்கொழும்பு, பெந்தோட்டை, காலி, மிரிஸ்ஸ என்று தென்மேற்குக் கரை முழுக்க மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காலம். கடல் கொந்தளிப்பாக இருக்கும், மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. ரிசார்ட்டுகளில் விலை இறங்குவதும் அப்போதுதான். அதே மாதங்களில் நடுவில் இருக்கும் மலைநாடு மழை மேகத்தைத் தடுத்துவிடுவதால் கிழக்குக் கரை வெயிலாக இருக்கும். திருகோணமலைப் பக்கம் நிலாவெளி, உப்புவெளி, மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடா எல்லாம் அப்போது குளம் போல அமைதியாகக் கிடக்கும்.

நம் முகூர்த்த மாதங்களை இதோடு வைத்துப் பாருங்கள். தை, மாசி என்றால் பெந்தோட்டை. வைகாசி, ஆனி, ஆவணி என்றால் கிழக்கு. கார்த்திகையில் கிழக்குப் பக்கம் போகவே கூடாது. வடகிழக்குப் பருவமழையும் புயலும் அப்போதுதான். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் அந்தத் தீவை என்ன பாடு படுத்தியது என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் மாதம், அப்புறம் கரை, கடைசியில்தான் ரிசார்ட். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

என் தம்பி கல்யாணத்தை நிலாவெளியில் ஒரு வைகாசியில்தான் நடத்தினோம். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. கிழக்குப் பார்த்த கரை என்பதால் தாலி கட்டும்போது சூரியன் கடலுக்கு மேலே ஒரு பனை உயரம் ஏறியிருந்தது, இளவெயில் இரண்டு பேர் முகத்திலும் விழுந்தது. விளக்கு எதுவும் போடாமலே போட்டோக்காரர் படம் எடுத்தார். மேற்குக் கரைக்கு அழகு சாயங்காலத்தில்தான். நமக்கு முகூர்த்தமோ காலையில். இதை உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள், அவரே மனசு மாறிவிடுவார்.

தேதி குறிக்கும்போது பௌர்ணமியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை, அன்று மது, இறைச்சி விற்பனை கிடையாது. மே மாதத்தில் வெசாக், ஜூனில் பொசன், இரண்டும் அவர்களுக்குப் பெரிய திருநாள்கள், சாலையெல்லாம் கூட்டமாக இருக்கும். நாம் வளர்பிறை முகூர்த்தம் தேடுவதால் தேதி பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டிப் போய் நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் வரவேற்பில் மது வைப்பதாக இருந்தால் இது முக்கியம்.

பயணம்தான் கிழக்குக் கரையின் கஷ்டம். கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து திருகோணமலைக்குச் சாலையில் ஐந்தாறு மணி நேரம் ஆகும். சென்னையில் காலை விமானம் பிடித்து, தம்புள்ளையில் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கி, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். ஹபரணைக்கு அப்புறம் காட்டுப்பாதை, யானை குறுக்கே வரும், இருட்டில் வேண்டாம். பாட்டியை முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பே அழைத்துப்போய்விடுங்கள். தரைத்தள அறை, குளியலறையில் கைப்பிடி, மேற்கத்தியக் கழிப்பறை, அறையிலிருந்து மணமேடை வரை மணலில் பலகைப் பாதை, இந்த நான்கையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மணலில் சக்கர நாற்காலி ஓடாது. நாங்கள் பலகை போட்டுத்தான் என் அத்தையைத் தள்ளிக்கொண்டு போனோம்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் விமானம் இருக்கிறது. ஆனால் அது சின்ன ஏ.டி.ஆர். விமானம், 80 பேரை ஒரே தடவையில் ஏற்ற முடியாது. நாகப்பட்டினம், காங்கேசன்துறைக் கப்பலை ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் பிடிக்கலாம். கடல் சரியில்லை என்றால் நின்றுவிடும், முகூர்த்தத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

இனி பதிவு. நான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஆவண எழுத்தர் ஒருவரிடம் வேலை பார்க்கிறேன், தினமும் இதே காகிதங்கள்தான். நிலாவெளி மணலில் ஐயர் வைத்துத் தாலி கட்டினால் நம் வீட்டுக்கு அது கல்யாணம். கனடா குடிவரவுத் துறைக்கு அது போதாது. திருமணம் எந்த நாட்டில் நடந்ததோ அந்த நாட்டுச் சட்டப்படியும், கனடாச் சட்டப்படியும் செல்லுபடியாக வேண்டும் என்பது அவர்கள் விதி. அங்கே சடங்கை மட்டும் செய்துவிட்டு இங்கே வந்து பதிவு செய்யலாம் என்றும் நினைக்காதீர்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 இந்த மாநிலத்துக்குள் நடந்த திருமணங்களுக்குத்தான். இந்தியத் தூதரகத்தில் வெளிநாட்டுத் திருமணச் சட்டம் 1969-ன்படி செய்யலாம்தான். ஆனால் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் இரண்டு பேரில் ஒருவராவது அங்கே 30 நாள் தங்கியிருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு ஏது அவ்வளவு லீவு?

அதனால் சட்டப்படியான கல்யாணத்தைக் கோவையிலேயே முடித்துப் பதிவு செய்துவிட்டு, அப்புறம் விமானம் ஏறுங்கள். மாப்பிள்ளை நேராகக் கொழும்பில் இறங்காமல் முதலில் கோவைக்கு வரும்படி டிக்கெட் போடச் சொல்லுங்கள். பதிவுக்கு 90 நாள் அவகாசம் உண்டு, தாண்டினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். ஆனால் அவர் திரும்பிப் போய்விட்டால் கையெழுத்துக்கு எங்கே போவீர்கள்?

நகைக்குப் பயப்பட வேண்டாம், ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். புறப்படும் விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் நகைகளைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது, இது இங்கிருந்து போன நகைதான் என்பதற்கு அதுதான் ஆதாரம். கடை பில், பில் இல்லாத பழைய நகைக்கு மதிப்பீட்டாளரிடம் எடை போட்டு வாங்கிய சான்று, ஒவ்வொரு நகைக்கும் போட்டோ எல்லாம் தயாராக இருந்தால் வேலை சுருக்க முடியும். அன்றைக்கு வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகப் போங்கள். நகை கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் போடவே கூடாது. கற்பூரமும் தீப்பெட்டியும் பெட்டியில் வைத்தால் எடுத்துவிடுவார்கள், அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

பாட்டிக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக்கே விண்ணப்பியுங்கள்.

ரவி, பினாங்கு

பினாங்கையும் ஒரு பார்வை பாருங்கள் பாலா. சென்னையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை 30 நாளுக்கு விசா வேண்டாம், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்பினால் போதும். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் மாலை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் நடந்து போகும் தூரம். பத்து பெரிங்கி கடற்கரை ஹோட்டல்களில் இந்தியக் கல்யாணம் புதிதில்லை. பாட்டிக்கு ஐந்தாறு மணி நேரச் சாலைப் பயணம் மிச்சம். டிக்கெட் செலவு கூடும், அதை மறைக்கவில்லை.

கௌரி, திருகோணமலை

சுமதி அக்கா கரையைப் பற்றிச் சொன்னது சரியான கதை. நான் இந்த ஊர்தான், எங்கள் குடும்பம் மணவறை வாடகைக்கு விடுகிறது.

பூஜைச் சாமான் ஒன்றும் சுமந்து வர வேண்டாம். வாழையிலை, வெற்றிலை, மாவிலை, தேங்காய் எல்லாம் இங்கே சந்தையில் தாராளம். பச்சை இலை, செடி, கன்று எதையும் அனுமதியில்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள். உங்கள் பக்கத்தில் நெருக்கமாகக் கட்டுவார்களே, அந்த மல்லிகைச் சரம் மட்டும் இங்கே நினைத்தவுடன் கிடைக்காது. பெண்ணுக்கும் பெண் வீட்டாருக்கும் எத்தனை முழம் வேண்டும் என்று முதலே சொல்லி வைத்தால் கட்டித் தருவார்கள்.

மேளமும் குருக்களும் இங்கேயே இருக்கிறார்கள். ஆனால் முறை கொஞ்சம் வேறு. எங்களில் தாலிக்குப் பொன்னுருக்கல் செய்வோம், தாலியைக் கொடியில் கோர்ப்போம், பெண்ணுக்குக் கூறைச் சேலை. உங்கள் சடங்குகளை நடத்த உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வருவது நல்லது. குருக்களோடு தொலைபேசியில் ஒருமுறை பேசி ஒழுங்குபடுத்திவிட்டால் மேடையில் குழப்பம் வராது.

காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வைகாசி, ஆனியில் இங்கே கச்சான் காற்று. காலையில் பேசாமல் இருக்கும், வெயில் ஏற ஏறத் தரைப் பக்கமிருந்து சூடாக வீசும். துணிப் பந்தலைத் தூக்கிவிடும், ஹோமப் புகை பந்தி வரைக்கும் போகும். முகூர்த்தத்தை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கோ. பந்தலின் மேற்குப் பக்கத்தைத் தென்னோலைத் தட்டியால் அடைக்கச் சொல்லுங்கோ. பந்தி கட்டாயம் கட்டடத்துக்குள்ளே இருக்கட்டும்.

கோணேசர் கோயிலில் முதல் நாள் அர்ச்சனை செய்யுங்கள். கோயில் கோட்டைக்குள் குன்றின் மேலே இருக்கிறது, பாட்டிக்கு எவ்வளவு கிட்ட வாகனம் விடுவார்கள் என்று முன்பே விசாரித்து வைத்தால் நல்லது.

பாலா, கோவை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பெந்தோட்டைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரவி அண்ணா, பினாங்கை வீட்டில் பேசினோம், 80 டிக்கெட் கணக்குப் போட்டதும் கைவிட வேண்டியதாகிவிட்டது. நிலாவெளிதான். பாட்டிக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது, காசிக்கும் நேபாளத்துக்கும் போனபோது எடுத்தது, இன்னும் காலாவதியாகவில்லை. எங்கள் சீர்களைச் செய்ய அருமைக்காரப் பெரியவரும் வருகிறார்.

ஒரே ஒரு முட்டுக்கட்டை. கோவையில் முதலில் கல்யாணம் என்றதும் பாட்டி அழுதுவிட்டார். "ஒரு கழுத்துல ரெண்டு தடவை தாலி ஏறலாமாடா?" என்று கேட்கிறார். அம்மாவுக்கும் அதே மனசுதான். சுமதி அக்கா, இதற்கு வழி இருக்கிறதா?

சுமதி, மதுரை

இருக்கிறது தம்பி, பாட்டி மனசு நோக வேண்டியதே இல்லை. கோவையில் தாலியே கட்ட வேண்டாம்.

இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவு உண்டு, தமிழ்நாட்டுக்கென்றே சேர்த்தது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-ல் சட்டமன்றத்தில் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டம் அது. உறவினர், நண்பர்கள் முன்னால் இருவரும் ஒருவரையொருவர் கணவன், மனைவியாக ஏற்கிறோம் என்று சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும், மோதிரம் போட்டால் போதும், தாலி கட்டினாலும் சரி. இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தால் சட்டப்படி திருமணம் முடிந்தது. புரோகிதர் வேண்டும், தாலி வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வீட்டுக்கூடத்தில் பாட்டி கையாலேயே மாலையை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மாலை மாற்றி, மோதிரம் போட்டு, நாலு பெரியவர்கள் முன்னால் வாய்விட்டும் சொல்லட்டும். மாலையும் மோதிரமும் நிச்சயதார்த்தத்திலேயே செய்கிறோமே, பாட்டிக்கு அது உறுத்தாது. தாலி நிலாவெளியில் ஒரே ஒரு தடவைதான் ஏறும்.

அந்த நிகழ்ச்சியைத் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள், சாட்சிகள் படத்தில் தெரிய வேண்டும். தேதியும் இடமும் போட்டுச் சின்னதாக ஒரு அழைப்பிதழும் அச்சடித்துவிடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அலுவலகம் கேட்கிற காகிதம் கொஞ்சம் மாறும். இரண்டு பேரின் வயது, முகவரிச் சான்றுகளோடு ஒரு மாதம் முன்பே உங்கள் அலுவலகத்தில் போய், 7-ஏ திருமணத்துக்கு என்னென்ன வேண்டும் என்று நேரில் கேளுங்கள். முப்பது நாள் நோட்டீஸ் வேண்டும் என்று யாராவது சொன்னால், அது சிறப்புத் திருமணச் சட்டம், 1954. இரண்டு பேரும் இந்துக்கள் என்பதால் உங்களுக்கு அது தேவையில்லை.

கனடா மனுவில் கவனமாக இருங்கள். சட்டப்படி திருமணத் தேதி என்று கேட்கும் இடத்திலெல்லாம் கோவைத் தேதிதான் வர வேண்டும், சான்றிதழில் இருப்பதும் அதுதான். உறவைப் பற்றிய படிவம் ஒன்று தனியாக உண்டு, ஐ.எம்.எம். 5532. கல்யாணம் எங்கே, எப்போது, யார் யார் வந்தார்கள் என்று அதில் கேட்பார்கள். இரண்டு நிகழ்ச்சிகளையும் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்: கோவையில் இன்ன தேதியில் சட்டப்படி திருமணம், திருகோணமலையில் இன்ன தேதியில் சடங்கு. நிலாவெளிப் படங்களும், 80 பேர் சேர்ந்து நின்ற போட்டோவும் அந்த மனுவுக்கு நல்ல பலம். தமிழில் இருக்கும் காகிதம் எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்போடு போக வேண்டும்.

பெரிய அழைப்பிதழில் திருகோணமலை முகூர்த்தத்தைத் தாராளமாகப் போடுங்கள், அதில் ஒன்றும் தப்பில்லை. மாலை மாற்றும் நாளையும் வளர்பிறையில் நல்ல நாளாகவே பாருங்கள், பாட்டிக்கு அதுவும் ஆறுதலாக இருக்கும். பதிவு நாளுக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு வாரமாவது விட்டுவைத்தால், சான்றிதழில் பெயர் எழுத்து ஏதாவது பிசகியிருந்தாலும் மாப்பிள்ளை ஊரில் இருக்கும்போதே திருத்தி வாங்கிவிடலாம். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, இனிஷியல் உட்பட அப்படியே இருக்க வேண்டும்.