யூகே மாஸ்டர்ஸ் முடிச்சா அங்கேயே வேலை கெடைக்குமா? அப்பாவோட ஈபிஎஃப் காசு

சிப்புட்பையன்:
வணக்கம். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட், வயசு 25, ஈப்போவுல அக்கவுண்ட்ஸ் வேலை, 2,900 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம். போன வாரம் எஜுகேஷன் ஃபேர்ல ஒரு ஏஜண்ட் பளபளன்னு ஒரு புக்லெட்ட நீட்டி, யூகேல 1 வருச எம்எஸ்சி மேனேஜ்மெண்ட் படிங்க, 95 சதம் பேருக்கு வேலைன்னாரு. ஃபீஸ் வாடகை சாப்பாடு எல்லாம் சேத்தா 1 லட்சத்து 80 ஆயிரம் வெள்ளி. அப்பா செம்பனைத் தோட்டத்துல குலை வெட்டுறவரு, இப்பதான் 55 ஆச்சு, ஈபிஎஃப்ல (ஓய்வுகாலத்துக்குச் சேக்கற சேமநிதி) இருக்கறது மொத்தத்தையும் எடுத்துத் தரேங்கறாரு. எனக்குத்தான் வயித்தக் கலக்குது. போலாமா?

லீட்ஸ்வாசி:
அந்த 95 பக்கத்துல குட்டியா ஒரு நட்சத்திரம் இருக்கும், பக்கத்தோட அடியில போய் படிங்க ப்ரோ. வேலை தேடுனவங்க, அதுலயும் சர்வேக்கு பதில் போட்டவங்க, அவங்கள்ல 95. வேலை கெடைக்காம ஊருக்குத் திரும்புனவன் எவன் உக்காந்து சர்வே எழுதுவான்? எந்த நாட்டுல வேலைன்னும் தனியா கேளுங்க, அவங்க ஊருக்கே திரும்பிப்போய் சேந்ததும் அந்தக் கணக்குலதான் வரும்.
அப்புறம் விசா. கிராஜுவேட் ரூட், அதான் படிச்சு முடிச்சப்புறம் அங்க தங்கி வேலை பாக்க விடற விசா, 2 வருசம்னு ஏஜண்ட் சொல்லியிருப்பாரு, 2027 ஜனவரி 1லேர்ந்து அப்ளை பண்றவங்களுக்கு அது 18 மாசம்தான். அதுக்குள்ள ஸ்பான்சர் பண்ற கம்பெனி, அதாவது உங்க வேலை விசாவுக்குப் பொறுப்பேத்துக்கற கம்பெனி மாட்டணும். லைசென்ஸ் உள்ள கம்பெனிங்க லிஸ்ட்ட அரசாங்கமே வெளியிடுது, ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடியே எறக்கிப் பாத்துருங்க.

பந்திங்அக்கா:
நான் யூகே போயிட்டு வந்தவ, படிச்ச பிசினஸ் ஸ்கூல் பேரு வேணாம் லா. ஒவ்வொரு அப்ளிகேஷன்லயும் "ஸ்பான்சர் தேவையா"ன்னு ஒரு கட்டம் வரும், ஆமான்னு தட்டுனா மறுநாள் காலையில நான் பசியாறறதுக்குள்ள ரிஜெக்ட் மெயில் வந்து நிக்கும். ஒரு வருசம் அப்படியே ஓடிச்சு, கடைசியில கேஎல்ல ஒரு ஷேர்ட் சர்வீஸ் கம்பெனியில (பெரிய கம்பெனிங்களோட கணக்கு மாதிரி ஆபீஸ் வேலைய ஒரே எடத்துல பாக்கறது) சேந்தேன், அந்த வேலைக்கு உள்ளூர் டிகிரியே போதும். படிச்சது வீண்னு சொல்லமாட்டேன், ஆனா அம்மா அடகு வச்ச சங்கிலி இன்னும் திரும்பல. ரேங்கிங்க விடுங்க, லிங்க்டின்ல அந்த ஸ்கூல்ல படிச்ச மலேசியாக்காரங்க 10 பேர தேடி இப்ப எங்க இருக்காங்கன்னு பாருங்க, 2 பேருக்காச்சும் மெசேஜ் போடுங்க.

கூலிம்அண்ணே:
தம்பி, அக்கவுண்ட்ஸ்ல இருந்துக்கிட்டு ஏன் பொதுவா மேனேஜ்மெண்ட்? ஏசிசிஏ எடு, அக்கவுண்டண்ட்டுங்களுக்கான தொழில் தேர்வு அது, வேலை பாத்துக்கிட்டே பேப்பர் பேப்பரா எழுதலாம், சிங்கப்பூர்லயும் செல்லும். அங்கயும் சும்மா இல்ல, எம்ப்ளாய்மெண்ட் பாஸ்க்கு (வெளிநாட்டுக்காரங்களுக்கான வேலை அனுமதி) குறைஞ்ச சம்பளத்த 2025ல மாசம் 5,600 சிங்கப்பூர் டாலர் ஆக்கிட்டாங்க. எம்பிஏ ஆசைன்னா 4, 5 வருசம் அனுபவத்தோட போ, நல்ல ஸ்கூலெல்லாம் அதத்தான் பாப்பான். இன்சியாடுன்னு பேர்போன பிசினஸ் ஸ்கூலுக்கு சிங்கப்பூர்லயே கேம்பஸ் இருக்கு, எம்பிஏ 10 மாசத்துல முடியும். அப்ப உன் காசுல போவ. அப்பா ஈபிஎஃப்ல கைய வைக்காத.

சிப்புட்பையன்:
நன்றி அக்கா, அண்ணே, ப்ரோ. புக்லெட்ட எடுத்துப் பாத்தேன், நட்சத்திரம் இருக்கு, கீழ விளக்கமே இல்ல. ஏஜண்ட்கிட்ட வாட்ஸ்அப்ல கேட்டேன், ரெண்டு நீலக்கோடு வந்துருச்சு, பதில் வரல. டெபாசிட் கட்ட வெள்ளிக்கிழமை கடைசின்னாரு, கட்டல. அண்ணே, என் டிகிரிக்கு ஏசிசிஏல எத்தன பேப்பர் விலக்குன்னு எங்க பாக்கறது?