சிஓபிடி: குர்குமின் மாத்திரை, அதிமதுரம் சேர்க்கலாமா?

கேள்வி:
66 வயதுக்காரர், சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய்). தினமும் டியோட்ரோபியம் இன்ஹேலர், இரவில் மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் மாத்திரை 400 மி.கி., மூச்சு முட்டினால் சால்புடமால். அழற்சி குறையும் என்று குர்குமின் (மஞ்சள் கிழங்கின் சத்து) 500 மி.கி.யும் பைப்பரின் 5 மி.கி.யும் கலந்த மாத்திரை தினம் இரண்டு, அதிமதுரப் பொடி ஒரு தேக்கரண்டி தொடங்கலாமா? பலன் தெரிந்தால் இன்ஹேலரைக் குறைக்கலாமா?

பதில் 1:
இன்ஹேலரில் கை வைக்காதீர்கள். டியோட்ரோபியம் மூச்சுக்குழாயை விரித்து வைக்கிற மருந்து. அந்த வேலையைக் குர்குமின் செய்யாது.

இங்கே வில்லங்கம் பைப்பரின்தான். குர்குமினைத் தனியாக விழுங்கினால் குடலும் கல்லீரலும் அதை உடனே மாற்றிக் கழித்துவிடும். அதைத் தடுக்கத்தான் மிளகுச்சத்தான பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998இல் வந்த ஓர் ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் கொடுத்ததும் ரத்தத்தில் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கு ஏறியது. பைப்பரின் தியோஃபிலின் அளவையும் ஏற்றிவிடும். தியோஃபிலினுக்கோ மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவு: மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டினால் குமட்டல், கைநடுக்கம், படபடப்பு, இன்னும் ஏறினால் வலிப்புகூட வரலாம். (சமீபத்தில் சிகரெட்டை விட்டவர் என்றால் அதனாலேயே அளவு ஏறும். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.)

பதில் 2:
அதிமதுரம் வேண்டாம். அதிலுள்ள கிளைசிரைசின் உடம்பில் உப்பைத் தங்கவைத்து, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். ரத்த அழுத்தமும் ஏறும். சால்புடமால், ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசோலோன், சிறுநீரைக் கூட்டும் ஃப்ருஸ்மைடு எல்லாமே பொட்டாசியத்தை இறக்குபவை. எல்லாம் ஒன்றுசேர்ந்தால் கெண்டைக்காலில் குரக்களி, தளர்ச்சி, இதயத் துடிப்பில் தாளம் தப்புவது. போதாததற்குக் கால் வீங்கினால், அதிமதுரத்தாலா, நுரையீரல் நோயால் இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்ததாலா என்று மருத்துவருக்கே குழப்பமாகும்.

கேட்டவர்:
பைப்பரின் இல்லாமல், லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளோடு சேர்த்த குர்குமின்?

பதில் 1:
தியோஃபிலினைப் பொறுத்தவரை அது மேல். ஆனால் உறிஞ்சுதல் கூடிய குர்குமின் மாத்திரைகள் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கியிருக்கின்றன. சிறுநீர் கருத்தாலோ கண் மஞ்சளித்தாலோ அன்றே நிறுத்துங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், குளோபிடோக்ரெல் எடுப்பவருக்கு ரத்தக்கசிவு கூடலாம். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்துவதுதான் வழக்கம்.

பதில் 3:
மருத்துவர் சரி என்றால் ஒரு நேரத்தில் ஒரு பொருள் மட்டும். தொடங்கும் முன், சிஓபிடி தொல்லையை அளக்கும் ‘கேட்’ (CAT) கேள்வித்தாளை நிரப்புங்கள்: எட்டுக் கேள்வி, 0 முதல் 40 வரை. வேறெந்த மருந்தையும் மாற்றாமல் எட்டு வாரம் கழித்து மறுபடி நிரப்புங்கள். குறைந்தது 2 புள்ளி இறங்காவிட்டால் பலன் இல்லை என்று நிறுத்திவிடலாம். ‘கொஞ்சம் தேவலை போலிருக்கிறது’ என்பதை நம்ப வேண்டாம். இந்த நோயில் நல்ல நாளும் கெட்ட நாளும் தானாகவே மாறி மாறி வரும்.

அழற்சிதான் கவலை என்றால் ரத்தத்தில் ஈசினோஃபில் (ஒரு வகை வெள்ளணு) எண்ணிக்கையைக் கேளுங்கள். அடிக்கடி நோய் முற்றிப் படுப்பவருக்கு அது மைக்ரோலிட்டருக்கு 300 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டு இன்ஹேலர் நன்றாக வேலை செய்யும். 100க்குக் கீழே இருந்தால் பெரிதாகப் பயன்படாது.