2026 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போக முடியுமா? நம் ஆண்கள் ஹாக்கி அணியைப் பற்றி உங்கள் கணிப்பு என்ன?

எழும்பூர் கேலரி:

இந்த 2025 டிசம்பரில் ஜூனியர் (21 வயதுக்குட்பட்டோர்) உலகக் கோப்பை முடிந்த சூட்டோடு கேட்டுவிடுகிறேன். வெண்கலப் பதக்க ஆட்டத்தில் அர்ஜென்டினா 2-0 என்று முன்னால் இருக்க, கடைசிக் கால்பகுதியில் நம் பையன்கள் நான்கு கோல் போட்டு 4-2 என்று முடித்தார்களே, அந்தச் சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் மனது இப்போதே 2026 ஆகஸ்டுக்குத் தாவிவிட்டது. நெதர்லாந்து, பெல்ஜியத்தில் சீனியர் உலகக் கோப்பை. 1975இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று கோப்பையைத் தூக்கியதோடு சரி, அதற்குப் பிறகு நாம் அரையிறுதியைக்கூட எட்டவில்லை. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

என் குழப்பம் இதுதான். டோக்கியோ, பாரிஸ் என்று அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் வெண்கலம், 2025 செப்டம்பரில் ராஜ்கிரில் கொரியாவை 4-1 என்று வென்று ஆசியக் கோப்பை. இதைப் பார்த்தால் பதக்கம் உறுதி என்று தோன்றுகிறது. அதே அணிதான் 2025 ஜூன் மாதம், முன்னணி நாடுகள் மோதும் புரோ லீக்கின் ஐரோப்பியச் சுற்றில் தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் தோற்று எட்டாவது இடத்தில் வந்து நின்றது. இதில் எது உண்மையான அணி? யாரை வைத்துக்கொள்ளலாம், யாருக்கு ஓய்வு கொடுக்கலாம், ஜூனியர்களில் யார் தயார்? ஆட்டங்களை விடாமல் பார்ப்பவர்கள் விரிவாக எழுதுங்கள்.

வலது விங்:

நல்ல கேள்வி. முதலில் அந்த ஏழு தோல்விகளைப் பிரித்துப் பார்ப்போம். நெதர்லாந்திடம் 1-2, 2-3. அர்ஜென்டினாவிடம் 3-4, 1-2. ஆஸ்திரேலியாவிடம் இரண்டு முறையும் 2-3. பெல்ஜியத்திடம் மட்டும்தான் 3-6 என்று நன்றாக அடி வாங்கினோம், அந்த பெல்ஜியத்தையே மறுநாள் 4-3 என்று வென்றும் விட்டோம். ஆக ஆறு ஆட்டங்கள் ஒற்றைக் கோலில் போயிருக்கின்றன. உலகின் முதல் வரிசை அணிகளோடு சமமாக ஓடும் அணிதான் இது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆட்டத்தை முடிக்கத்தான் தெரியவில்லை.

நெதர்லாந்துக்கு எதிரான இரண்டு ஆட்டங்களும் கடைசிச் சில நிமிடங்களில் கை நழுவியவை. பாரிஸ் அரையிறுதியில் ஜெர்மனியோடு 2-2 என்று இருந்தபோது 54ஆவது நிமிடத்தில் கோல் வாங்கி 2-3 என்று வெளியேறினோம். 2023 உலகக் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்துவிட்டு, 3-3 என்று சமனாகி, ஷூட்-அவுட்டில் (ஒரு வீரர் தனியாகக் கோல்கீப்பரோடு மோதுவது) தோற்று ஒன்பதாவது இடத்தோடு நின்றோம். சொந்த மண்ணில், புவனேஸ்வரில். பயிற்சியாளர் கிரஹாம் ரீட் அதோடு விலகினார், கிரெய்க் ஃபுல்டன் வந்தார், தற்காப்பைக் கெட்டியாக்கினார், பலன் பாரிஸில் தெரிந்தது. ஆனாலும் கடைசிப் பத்து நிமிட வியாதி போகவில்லை. வீரர்களை எடைபோடும்போது இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் நான் பார்ப்பேன்.

ஹர்மன்பிரீத் சிங். பாரிஸில் நாம் போட்ட 15 கோல்களில் 10 அவருடையவை. மீதி ஐந்தும் மந்தீப், விவேக் சாகர், சுக்ஜீத் ஆளுக்கு ஒன்று, அபிஷேக் இரண்டு. ஒரு டிஃபெண்டர் மூன்றில் இரண்டு பங்கு கோல்களைப் போடும் அணியை எதிரணிகள் படித்து வைத்துக்கொள்வது சுலபம். பெனால்டி கார்னரில், அதாவது கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டமான டிக்குள் எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் வாய்ப்பில், அவர் பந்தை மட்டையால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக்குக்கு எதிராக, முதலில் பாய்ந்து வந்து தடுக்கும் ரஷ்ஷர் எந்தக் கோட்டில் ஓட வேண்டும் என்று எல்லோரும் காணொளி பார்த்துத் தயாராகித்தான் வருகிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள், பெனால்டி கார்னர் கொடுத்துவிட்டால் அது முடியும்வரை ஆள் மாற்ற முடியாது. ஹர்மன்பிரீத் அந்த நேரத்தில் பெஞ்சில் இருந்தாலோ கார்டு வாங்கி வெளியே உட்கார்ந்திருந்தாலோ களத்தில் இருப்பவர்தான் அடித்தாக வேண்டும். அதனால்தான் ஜுக்ராஜ் சிங் கட்டாயம் அணியில் இருக்க வேண்டும் என்கிறேன். போன ஹாக்கி இந்தியா லீக் இறுதிப் போட்டியில் ஹாட்ரிக் அடித்தவர், நவம்பரில் மலேசியாவில் நடந்த அஸ்லான் ஷா கோப்பையில் கனடாவுக்கு எதிராக நான்கு கோல் போட்டவர். இரண்டு பேரும் மாறி மாறிக் களத்தில் இருந்தால் எதிரணிக்குக் கணக்கு தப்பும்.

அமித் ரோஹிதாஸை வயதைக் காட்டி விட்டுவிடக் கூடாது. 32 தாண்டிவிட்டார், தெரியும். ஆனால் கார்னரில் முதல் ரஷ்ஷராக உடம்பைக் கொடுத்து ஓடுவதற்கு அவரைப் போல இன்னொருவர் நம்மிடம் இல்லை. பாரிஸ் காலிறுதியில் சிவப்பு அட்டை வாங்கி அரையிறுதியில் அவர் ஆட முடியாமல் போனது, அந்த ஆட்டத்தில் ஜெர்மனியின் முதல் கோல் பெய்லாட்டின் கார்னரில் வந்தது. இதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

நடுக்களம் முழுக்க ஹர்திக் சிங்கின் தோளில் இருக்கிறது. டிஃபென்ஸிலிருந்து பந்தை வாங்கி மூன்று பேரைத் தாண்டி டி வரைக்கும் கொண்டுபோவது, இழந்த பந்துக்காகத் திரும்ப ஓடுவது, எல்லாம் அவரே. நாலாவது கால்பகுதியில் அவர் மூச்சு வாங்குவது தொலைக்காட்சியிலேயே தெரிகிறது. அவர் வெளியே வரும் நிமிடங்களில் பந்து நம் பாதியைவிட்டு நகர மாட்டேன் என்கிறது. மன்பிரீத் அனுபவத்தால் சமாளிக்கிறார். விவேக் சாகர் அந்தப் பொறுப்பை எடுக்கும் காலம் வந்துவிட்டது, எடுத்தே ஆக வேண்டும்.

ஃபார்வேர்டில் அபிஷேக்தான் என் முதல் தேர்வு. டிக்குள் நெருக்கத்தில் மட்டையைத் திருப்பி ரிவர்ஸில் அடிக்கும் அடி வேறு யாரிடமும் இல்லை. அடுத்து சுக்ஜீத். தில்பிரீத் ஆசியக் கோப்பை இறுதியில் இரண்டு கோல் போட்டார், அந்த ஃபார்ம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மந்தீப்பை எடுப்பதில் எனக்குத் தயக்கம்.

அரையிறுதி? முடியும். கோப்பை? நெதர்லாந்தும் பெல்ஜியமும் சொந்த மண்ணில் ஆடும்போது அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

கோவில்பட்டி டர்ஃப்:

வலது விங் அண்ணா, மந்தீப்பைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பந்து இல்லாத நேரத்தில் எதிரணி டிஃபெண்டர்களைத் துரத்தி நெருக்கிப் பந்தைத் தவறான பக்கம் அடிக்க வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கடைசிப் பத்து நிமிடம் என்று நீங்களே சொல்கிறீர்கள், அந்த நேரத்தில் முன்வரிசையிலேயே எதிரணியை மடக்கினால்தானே நம் டிக்குள் பந்து வராது? கோல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து அவரை ஒதுக்குவது நியாயம் இல்லை.

அப்புறம், கார்த்தி செல்வத்தை ஏன் யாருமே சொல்லவில்லை? அரியலூர்ப் பையன். 2022இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் அவரும் எங்கள் ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும் சேர்ந்து இந்தியாவுக்காக ஆடியபோது இங்கே எல்லா மைதானங்களிலும் அதே பேச்சு. 2023இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி, மலேசியாவுக்கு எதிராக முதல் கோல், ஜப்பானை 5-0 என்று வென்ற அரையிறுதியில் ஐந்தாவது கோல், இரண்டுமே கார்த்தி. அந்தத் தொடருக்குப் பிறகு பெரிய போட்டிகள் எதிலும் அவரைக் காணவில்லை. இப்போது அஸ்லான் ஷா அணிக்குத் திரும்பியிருக்கிறார். தமிழ்நாட்டுக்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை. வேகமாகத் திரும்பி இடது பக்கமிருந்து டிக்குள் வெட்டி நுழையும் ஃபார்வேர்டு நமக்குக் குறைவு, அதனால் சொல்கிறேன். ஒரு தொடர் கொடுத்து அடுத்த தொடரில் வெளியே உட்கார வைத்தால் எந்த இருபது வயதுப் பையனும் வளர மாட்டான்.

இங்கே தரை மைதானத்தில் பந்து தட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் டர்ஃபில் (செயற்கைப் புல்தரையில்) ஆட ஆரம்பித்து, நிலை நின்று ஆட ஒரு வாய்ப்புக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். கார்த்தி ஒருவர் உலகக் கோப்பை அணியில் இருந்தால் அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு என்று எனக்குத் தெரியும்.

ஷூட்-அவுட் எட்டு விநாடி:

எல்லோரும் கோல் போடுபவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். கடைசி நிமிடங்களில் தோற்பதற்கு என் பதில் ஒன்றே ஒன்று, பாரிஸோடு ஓய்வு பெற்ற கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் இப்போது பின்னால் இல்லை.

டோக்கியோ வெண்கல ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 5-4 என்று முன்னிலை, முடிய ஆறு விநாடி இருக்கும்போது ஜெர்மனிக்குக் கார்னர், ஸ்ரீஜேஷ் தடுத்தார். பாரிஸ் காலிறுதியில் 17ஆவது நிமிடத்திலிருந்து பத்துப் பேரோடு ஆடி பிரிட்டனை 1-1 என்று நிறுத்தி, ஷூட்-அவுட்டில் 4-2 என்று வென்றோம். அந்த நாற்பது சொச்சம் நிமிடங்களும் அவர் கத்திக்கொண்டே இருந்தார், யார் எங்கே நிற்க வேண்டும், யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று. பந்தைத் தடுப்பது பாதி வேலைதான், பின்னாலிருந்து டிஃபென்ஸை நடத்துவது மீதிப் பாதி. கிருஷன் பதக் நல்ல கோல்கீப்பர், அனிச்சை வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் இத்தனை வருடம் ஸ்ரீஜேஷின் நிழலிலேயே இருந்ததால் இறுக்கமான கடைசி நிமிடங்களைத் தனியாகச் சமாளித்த பழக்கம் அவருக்குக் குறைவு. சூரஜ் கர்கேராவுக்கும் அதே நிலைதான். ஒவ்வொரு கால்பகுதிக்கும் ஆளை மாற்றிக்கொண்டிருக்காமல், இப்போதே ஒருவரை முதல் கோல்கீப்பர் என்று அறிவித்து அவரோடே போக வேண்டும். என் கருத்து, பதக்.

ஜூனியர்களில் பிரின்ஸ்தீப் சிங்கைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெல்ஜியத்துக்கு எதிரான காலிறுதி 2-2 என்று முடிந்து ஷூட்-அவுட் போனதே, அதில் அவர் அவசரப்படாமல் நின்ற விதம் ஸ்ரீஜேஷே பயிற்சியாளராக வந்த பலன் என்று நினைக்கிறேன். 23 மீட்டர் கோட்டிலிருந்து வருபவனிடம் எட்டு விநாடி இருக்கிறது, கோல்கீப்பர் முதலில் விழுந்துவிட்டால் கதை முடிந்தது. இந்தப் பையன் கடைசிவரை காலில் நின்றான். சீனியர் முகாமில் மூன்றாவது கோல்கீப்பராக இப்போதே சேர்த்துவிட வேண்டும்.

எழும்பூர் கேலரி:

மூவருக்கும் நன்றி. மந்தீப் விஷயத்தில் நான் கோவில்பட்டி நண்பர் பக்கம். இன்னொரு கேள்வி. ஆகஸ்ட் 30ஆம் தேதி உலகக் கோப்பை முடிகிறது, செப்டம்பர் 19இல் ஜப்பானில் ஆசிய விளையாட்டு தொடங்குகிறது. அங்கே தங்கம் வென்றால் 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்கு நேரடி இடம். மூன்றே வார இடைவெளியில் ஒரே அணி இரண்டையும் தாங்குமா? அப்புறம், ஜெர்மனி ஜூனியர் அரையிறுதியில் நம்மை 5-1 என்று அடித்ததை வைத்துப் பார்த்தால் அடுத்த தலைமுறையும் அவர்களிடம்தான் இருக்கிறதா?

வலது விங்:

கோல்கீப்பர் விஷயத்தில் ஷூட்-அவுட் நண்பர் சொல்வதுதான் சரி, ஒருவரை முடிவு செய்துவிட வேண்டும். மந்தீப்பின் அந்தத் துரத்தலும் நெருக்கலும் இப்போதும் ஒரு முழு ஆட்டத்துக்குத் தாங்குகிறதா என்பதில்தான் என் தயக்கம், அவருடைய உழைப்பில் இல்லை. கார்த்திக்கு முழுத் தொடர் ஒன்று கொடுக்க வேண்டும் என்பதற்கு நான் இரண்டு கையையும் தூக்குகிறேன். அஸ்லான் ஷா இறுதியில் பெல்ஜியத்திடம் 0-1 என்று தோற்றபோது டிக்குள் நுழைந்து அடிக்க ஒரு ஆள் கூடுதலாக இருந்திருந்தால் ஆட்டம் மாறியிருக்கும்.

ஜெர்மனி 5-1 என்று வென்றது கசப்புதான். அந்த அணி கடைசியில் கோப்பையும் வென்றது, ஸ்பெயினை ஷூட்-அவுட்டில் முடித்து. பந்து கைமாறிய அடுத்த நொடியில் அவர்கள் ஐந்து பேர் முன்னால் ஓடுகிறார்கள், நம் பையன்கள் அந்த நேரத்தில் பந்தை இழந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இது கற்றுக்கொடுக்கக்கூடிய விஷயம், திறமைக் குறைவு இல்லை. 2021லும் 2023லும் ஜூனியரில் நான்காவது இடம், இப்போது வெண்கலம். 2016இல் லக்னோவில் கோப்பை வென்ற ஜூனியர் அணியில் ஆடியவர்கள்தான் ஹர்மன்பிரீத், மந்தீப், சுமித் எல்லாம் என்பதை மறக்காதீர்கள். அதனால் இந்தக் கூட்டத்திலிருந்தும் இரண்டு மூன்று பேர் நிச்சயம் மேலே வருவார்கள். நான் பார்ப்பது சாரதா நந்த் திவாரி. டிஃபென்ஸிலும் நிற்கிறார், கார்னரும் அடிக்கிறார். ஹர்மன்பிரீத்துக்கு 30 ஆகப்போகிறது, அவருக்குப் பின் யார் என்ற கேள்விக்கு இவர் ஒரு பதில். அடுத்து அரைஜீத் சிங் ஹுண்டல், 2024 ஜூனியர் ஆசியக் கோப்பை இறுதியில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தனியாக நான்கு கோல் போட்டவர், உடம்பு பலமும் இருக்கிறது.

இரண்டு தொடர்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரே பதினொரு பேரை இரண்டிலும் ஓட வைத்தால் ஹர்திக் ஜப்பானில் இறங்கும்போது கால் வராது. என்னைக் கேட்டால் உலகக் கோப்பைக்கே ஜூனியர் இருவரைக் கூட்டிப்போய்ச் சிறிய அணிகளுக்கு எதிராக நிறைய நிமிடம் ஆட வைத்துவிட வேண்டும், ஆசிய விளையாட்டில் அந்த இருவரும் முக்கிய ஆட்டங்களுக்குத் தயாராக இருப்பார்கள். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஜப்பானை 5-1 என்று வென்ற இறுதியை நினைத்து அலட்சியமாகப் போகக் கூடாது, இந்த ஆசியக் கோப்பையில் சீனா நம்மை 4-3 வரைக்கும் இழுத்தது, ஜப்பான் 3-2 வரைக்கும்.

2026 ஜனவரியில் ஹாக்கி இந்தியா லீக் தொடங்குகிறது, சென்னையிலும் ஆட்டங்கள் உண்டு. போகிறவர்கள் நாலாவது கால்பகுதியில் விவேக் சாகர் எவ்வளவு நேரம் களத்தில் இருக்கிறார், பந்தைக் கேட்டு வாங்குகிறாரா, இல்லை ஒதுங்கி நிற்கிறாரா என்று கொஞ்சம் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.