ஃபோர்ஸ் போட்டு கர்னல் மாட்யூல் ஏற்றுவதை அடியோடு தடுக்க முடியுமா?

இரவுப்பணி:
எங்களிடம் ஆறு லினக்ஸ் சர்வர்கள். நெட்வொர்க் கார்டு விற்றவர்கள் தனியாகக் கொடுத்த மாட்யூல்தான் (லினக்ஸின் மையமான கர்னலோடு சேர்த்து ஏற்றும் துண்டு நிரல்) ஆறிலும் ஓடுகிறது. போன வாரம் கர்னல் அப்டேட் ஆனதும் அது ஏற மறுத்தது, டிமெசேஜில் (கர்னலின் செய்திப் பதிவு) பார்த்தால் வெர்மேஜிக், அதாவது எந்தக் கர்னலுக்காகக் கட்டியது என்று மாட்யூலில் இருக்கும் குறிப்பு, பொருந்தவில்லை. ஷிஃப்டில் இருந்த தம்பி பதற்றத்தில் ஃபோர்ஸ் (கட்டாயமாக ஏற்று என்ற கட்டளை) போட்டு ஏற்றிவிட்டான், அரை மணி நேரம் நன்றாக ஓடி அப்புறம் கர்னல் பேனிக், சர்வரே நின்றுவிட்டது, ராத்திரி 2 மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவனைக் குறை சொல்ல மாட்டேன், கதவைத் திறந்து வைத்திருந்தது நாங்கள்தான். மாட்யூலில் நம்பகமான சாவியின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று கர்னல் பார்க்கும் கையொப்பச் சோதனையைக் கட்டாயமாக்கினால் இந்த வழியும் அடைபடுமா?

ஊசிமுனை:
அடைபடும். ஃபோர்ஸ் என்றால் வெர்மேஜிக்கையும் சிம்பல்களின் (மாட்யூல் பயன்படுத்தும் கர்னல் செயல்பாடுகளின் பெயர்கள்) சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணையும் பார்க்காதே என்று சொல்வதுதான். அப்படி வருகிற மாட்யூலை, கையொப்பம் ஒழுங்காக இருந்தாலும், கையொப்பமிட்ட அதே பொருளாகக் கர்னல் கருதாது. பூட் வரியில் (கர்னல் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கும் அமைப்புகள்) சிக்-என்ஃபோர்ஸை, அதாவது கையொப்பக் கட்டாயத்தை, 1 ஆக வையுங்கள். இந்தச் சோதனை 2012-இல், 3.7 கர்னலிலேயே வந்துவிட்டது, ஆனால் கட்டாயமாக்காத வரை கையொப்பமில்லாததையும் ஏற்றிக்கொண்டு ‘ஈ’ என்று ஒரு டெய்ன்ட் (கர்னலில் கறை படிந்தது என்ற எச்சரிக்கை) குறி மட்டும் போடும்.

ஒன்றைக் கவனியுங்கள். கையொப்பம் மாட்யூல் கோப்பின் வாலில் ஒட்டியிருக்கும், கடைசி 28 பைட் அதன் அடையாள வரி. பேக்கேஜ் ஸ்கிரிப்டில் எங்காவது ஸ்ட்ரிப் (கோப்பிலிருந்து தேவையற்ற தகவலை நீக்கும் கட்டளை) இருந்தால் வால் அறுந்துவிடும். சாவியில்தான் கோளாறு என்று நினைத்து ஒரு நாள் முழுக்க இதில் தொலைத்திருக்கிறேன்.

பழைய_டிஸ்க்:
சாவி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். டிகேஎம்எஸ் (கர்னல் மாறும்போது மாட்யூலைத் தானாக மறுபடி கட்டும் கருவி) அந்தந்த சர்வரிலேயே மாட்யூலைக் கட்டி அங்கேயே கையொப்பமிட்டால் தனிச்சாவி அதே டிஸ்கில்தான் கிடக்கும், ரூட் (முழு நிர்வாக அதிகாரம்) கிடைத்தவன் தன் மாட்யூலுக்கும் அதே சாவியால் கையொப்பமிட்டுக்கொள்வான். தனி இயந்திரத்தில் கட்டி, கையொப்பமிட்டு, கோப்பை மட்டும் அனுப்புங்கள். செக்யூர் பூட்டையும் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் செய்ய விடும் வசதி) போடுங்கள், இல்லையென்றால் பூட் வரியை மாற்றிவிட்டு ரீபூட் செய்தால் கதை முடிந்தது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச்சாவியை மாக் பட்டியலில் (இயந்திர உரிமையாளர் நம்பும் சாவிகளின் பட்டியல்) சேர்க்க ரீபூட்டின்போது வரும் நீலத் திரையில் கடவுச்சொல் கேட்கும், அதற்குக் கன்சோல் (சர்வரின் திரையும் கீபோர்டும்) வேண்டும், எஸ்எஸ்ஹெச் வழித் தொலை இணைப்பு உதவாது.

இரவுப்பணி:
பூட் முடிந்த பிறகு மாட்யூல் ஏற்றுவதையே நிறுத்திவிட்டால்?

ஊசிமுனை:
அதற்கும் சிஸ்கன்ட்ரோலில் (ஓடும் கர்னலின் அமைப்புகளை மாற்றும் வசதி) மாட்யூல்ஸ்-டிசேபிள்ட் இருக்கிறது. 1 ஆக்கினால் ரீபூட் வரை யாராலும், ரூட்டாலும், திருப்ப முடியாது. தேவையானதெல்லாம் முன்பே ஏறியிருக்க வேண்டும். அவசரத்துக்கு ஒரு பென் டிரைவைச் செருகுவீர்கள், விஃபேட் (பென் டிரைவ்களில் வழக்கமான கோப்பு முறை) மாட்யூல் ஏறாமல் மவுன்ட் ஆகாது.

இரவுப்பணி:
சரி, கன்சோல் வசதி ஒரு சர்வரில்தான் இருக்கிறது. நாளை அதில் சாவியைச் சேர்த்து, போன வாரத்து மாட்யூலையே ஃபோர்ஸ் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.