அடிக்கும் கணவரிடமே திரும்பிச் செல்லும் தங்கைக்கு எப்படி உதவுவது?

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். என் சித்தி மகள் தன் கணவரிடம் பல ஆண்டுகளாக அடியும் வசவும் பட்டு, தாய் வீட்டுக்கு வருவதும், அவர் அழுது மன்னிப்புக் கேட்டதும் மறுபடி கிளம்பிப் போவதுமாக இருக்கிறாள். "அவர் மனசு தங்கம் அக்கா, கோபம்தான் கெடுக்குது" என்கிறாள். அவளுக்கு ரோஷம் இல்லை என்று உறவினர்கள் பேசுவதை நான் ஏற்கவில்லை.

எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இடையிடையே கிடைக்கும் வெகுமதிக்குப் பழகிய நடத்தை எளிதில் மறைவதில்லை என்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துக் காட்டினார். கனடாவில் ஆய்வு செய்த டட்டனும் பெயின்ட்டரும் 1981இல் இக்கருத்தைத் துன்புறுத்தப்படும் பெண்களின் நிலைக்குப் பொருத்தி, அதிகாரம் ஒருவர் கையிலேயே இருப்பதும், கொடுமையும் கனிவும் மாறி மாறி வருவதும் சேர்ந்தே அடிப்பவரோடு அவர்களுக்குள்ள பிணைப்பை இறுக்குகின்றன என்றார்கள். அடித்தவரே ஆறுதலும் தரும்போது, அந்த நிம்மதியை அவள் அன்பென்று எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

181 உதவி எண்ணை அழைக்கலாம், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரை அணுகலாம் என்பதெல்லாம் தெரியும். ஆனால் அவள் விருப்பத்தை மீறிப் புகார் கொடுத்தால், எங்களோடும் பேச்சை நிறுத்திவிடுவாளோ (அவள் கணவருக்கும் அதுதானே வேண்டும்) என்று அஞ்சுகிறேன்.

கணவரைத் திட்டாமல் இந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது? இத்தகைய உறவிலிருந்து வெளியே வந்தவர்கள், சுற்றியிருந்தவர்கள் சொன்னவற்றில் எது உதவியது, எது மேலும் உள்ளே தள்ளியது என்று எழுதுங்கள். மதுரைப் பக்கம், "அனுசரித்துப் போ" என்று சொல்லாத உளவியல் ஆலோசகர் யாரையேனும் அறிந்திருந்தால் தனிச்செய்தியில் தெரிவியுங்கள்.