சூப்பர்பிளாக் கெட்டுப்போச்சு, படங்களை மீட்க வழி உண்டா?

கேள்வி:
நேற்று மின்சாரம் போய்வந்ததிலிருந்து என் ஒரு டெராபைட் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறை உள்ள பார்ட்டிஷன். சூப்பர்பிளாக்கில் (கோப்பு முறையின் அடிப்படை விவரங்கள் இருக்கும் பகுதி) மேஜிக் நம்பர், அதாவது அடையாள எண், தவறு என்கிறது. மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான். பேக்கப்பா? கேட்காதீர்கள். கோப்பு முறையைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டி, கேட்பதற்கெல்லாம் 'ஒய்' அடித்துவிடலாமா?

பதில் 1:
கையை எடுங்கள் முதலில்! அது டிஸ்கிலேயே எழுதித் திருத்தும். தப்பாகத் திருத்தினால் திரும்ப வழி இல்லை. பழுதான டிஸ்கை நகலெடுக்க உதவும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூவால் முழு டிஸ்கையும் வேறொன்றுக்கு இமேஜாக நகலெடுங்கள். மேப்ஃபைல் (எதுவரை நகலானது என்ற குறிப்புக் கோப்பு) கொடுக்க மறக்காதீர்கள், பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும். சோதனை எல்லாம் நகலில்தான்.

பதில் 2:
சூப்பர்பிளாக்குக்கு மாற்று நகல்கள் உண்டு. 4 கேபி பிளாக் என்றால் வழக்கமாக 32768, 98304, 163840 ஆகிய இடங்களில் இருக்கும். ஈ2எஃப்எஸ்சிகேவுக்கு (ஈஎக்ஸ்டி வகைக்கான எஃப்எஸ்சிகே) 'மைனஸ் பி' போட்டு எண்ணைக் கொடுங்கள். சிலர் ஃபார்மட் செய்யும் எம்கேஈ2எஃப்எஸ் கட்டளைக்கு 'மைனஸ் என்' போட்டு இடம் பார்க்கச் சொல்வார்கள். அந்த 'என்' விடுபட்டால் ஃபார்மட்டே ஆகிவிடும், எனக்குப் பயம்.

கேட்டவர்:
நகலெடுக்கவே ஒரு ராத்திரி. 32768 கைவிட்டது, 98304 காப்பாற்றியது! ஃபோல்டர்கள் வந்துவிட்டன. ஆனால் இருநூறு கோப்புகள் லாஸ்ட்+ஃபவுண்டில் (இடம் தெரியாத கோப்புகள் சேரும் ஃபோல்டர்) வெறும் எண்களாகக் கிடக்கின்றன.

பதில் 1:
அவை ஐனோடு எண்கள் (ஒவ்வொரு கோப்புக்கும் கோப்பு முறை உள்ளே வைத்திருக்கும் எண்), பெயர் தொலைந்துவிட்டது. 'ஃபைல்' கட்டளை எது ஜேபெக் என்று சொல்லும். எடுத்த தேதி எக்ஸிஃபில் (படக் கோப்புக்குள் கேமரா பதியும் விவரம்) இருக்கும், அதை வைத்துப் பெயரிடுங்கள்.